கூதிர்ப் பருவமும் வினைக் கொள்கையும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் ஆவணி புரட்டாசியைக் கார் எனவும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் எனவும் வழங்கினர். காருக்கும் பனிக்கும் இடைப்பட்ட இக்கூதிரே காவிரிப் படுகைக்கு உயிர்நிலையாய பருவம். குளிர்நாடுகளில் மரங்கள் இலையுதிர்த்து நிலம் துயிலப் புகும் இத்திங்களில், சோழ நாட்டு நிலமோ துயில் நீங்கி எழுகின்றது. எனவே, இப்பருவத்து வானம் பொய்ப்பினும், அளவிறந்து பெய்யினும், அவ்வாண்டின் வாழ்வே தடுமாறும்.

புரட்டாசி கழியுந்துணையும் மேற்கினின்று வீசிய காற்று, ஐப்பசியில் ஓய்ந்து, திசைமாறி வடகிழக்கினின்று வீசத் தொடங்கும். கீழைக் கடலின்மேல் எழுந்த முகில்கள் மாலையில் கரையேறி இரவெல்லாம் பெய்யும். குறுவை அறுத்த வயல்களில் தாளடி நடவு நிகழும். சம்பாப் பயிர் தூர்கட்டி நிற்கும். முதன்மழை பெய்த மாலையில் புற்றினின்று ஈசல் எழும். வரப்புகளில் நண்டுகள் வளை தோண்டும். தவளைகளின் ஒலி இரவு முழுதும் ஓயாது. கொக்கும் நாரையும் சேற்று வயல்களில் இரை தேரும். வேலிகளிற் காந்தள் செந்தீப்போல மலரும். கூரைகளிற் பீர்க்கு மஞ்சட் பூக்களைச் சொரியும். மயிலாடுதுறையில் அன்பர்கள் துலா நீராடுவதும், திருக்கோயில்களில் அன்னாபிடேகமும் விளக்கீடும் நிகழ்வதும் இப்பருவத்திலேயே. ஐப்பசித் திங்களின் நிறைமதி நாளில் சிவலிங்கத் திருமேனிக்குச் சோறு சாத்தப்பெறுவது, குறுவை நெல் களத்துக்கு வந்து சேரும் காலத்தை ஒட்டியதாதலும் நோக்கத்தக்கது. வழிபாட்டின் காலக்கணக்கும் உழவின் காலக்கணக்கும் வேறல்ல என்பது இதனால் பெறப்படும்.

தமிழ்நாடு ஓராண்டிற் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி இவ்வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அவ்வாறு வரும் மழை அளவொத்து வருவதில்லை என்பதை அண்மையாண்டுகள் காட்டின. 2015-ஆம் ஆண்டில் இம்மழை வழக்கத்தினும் மிகுந்து, சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கின. அதற்கடுத்த 2016-ஆம் ஆண்டிலோ அது வழக்கமான அளவில் நூற்றுக்கு அறுபது பங்கிற்கு மேல் குறைந்து போயிற்று. சம்பாப் பயிர் நின்றவிடத்தே கருகிற்று. 2017 சனவரியில் தமிழ்நாட்டு அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சியுற்றனவாக அறிவித்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கரை கடந்த கசாப் புயலால் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் பல இலட்சம் தென்னைகள் வீழ்ந்தன. 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாட்பொழுதில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று.

மழை இன்மையும் மழை மிகுதியும் அடுத்தடுத்து வருத்துவது நம் சமய வரலாற்றுக்குப் புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் திருப்புன்கூர்த் திருப்பதிகத்துள் குறித்தருளிய செய்தியை அன்பர்கள் அறிவர். மழை மறுத்து வயல் வறண்டபோது மழை வேண்டிப் பன்னிரு வேலி நிலமும், பின்னர்ப் பெருகிய வெள்ளம் தணிய வேண்டி மீண்டும் பன்னிரு வேலி நிலமும் அவ்வூரிறைவர்க்கு உரியவாயின. ஆதலின் மழையின் இருவகைக் கேட்டையும் நம் பெரியோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட வினா வேறொன்று. ஓரூரில் பயிர் அழிந்ததென்ற செய்தி வந்தால், ‘அது அவ்வூரார் வினை’ என்று கூறி அமைதலைப் பல இடங்களிற் கேட்கின்றோம். சித்தாந்தம் பயின்றாரும் சிலர் அங்ஙனம் கூறுகின்றனர். கூறுவோர் நெஞ்சில் தீமை இல்லாதிருக்கலாம், ஆயினும் அச்சொல் ஈரம் புலராத வயலில் நிற்கும் ஓர் உழவன் செவியிற் படுமாயின், அது ஆறுதலாகாது, தீர்ப்பாகவே ஒலிக்கும். அத்தீர்ப்பு நம் கொள்கைக்கு ஒத்ததா, அன்றா என்பது தெளியப்பட வேண்டும்.

இதனைத் தெளிதற்கு முதற்கண் வானிலையும் பருவநிலையும் வேறு என அறிதல் வேண்டும். இன்று பெய்யும் மழையும் நாளை அடிக்கும் வெயிலும் வானிலை. முப்பதாண்டும் அதற்கு மேற்பட்டும் ஒரு நிலத்தில் நிகழும் வெயில், மழை, காற்று ஆகியவற்றின் பொதுவியல்பு பருவநிலை. ஒருவன் ஒருநாட் செயலுக்கும் அவன் குணத்துக்கும் உள்ள வேற்றுமை போல்வது இது. செயல் காட்சியளவையால் அறியப்படும். குணம் பல செயல்களை நோக்கி அனுமானத்தால் துணியப்படும். அதுபோல, வரப்பில் நின்று நோக்குவார்க்கு வானிலை புலனாகும். பருவநிலை கண்ணுக்குப் புலனாகாது. நெடுங்காலம் அளந்தெழுதிய கணக்கே அதற்குக் கருவி. இந்நாட்டில் 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வானிலை ஆய்வுத் துறை அத்தகைய கணக்கினை ஊர்தோறும் பேணி வருகின்றது. அளந்தறிந்தோர் சொல்லை ஏற்றல் உரையளவையின் பாற்படும்.

அவ்வளவைகளால் இன்று துணியப்பட்டவற்றைச் சுருங்கக் கூறுவாம். கரியமில வாயு முதலிய சில வாயுக்கள் ஞாயிற்றின் ஒளியை உள்ளே வரவிட்டு, நிலத்தினின்று மீண்டெழும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவன. வாயுக்களின் இவ்வியல்பை ஜான் டிண்டால் என்பார் 1859-இல் தொடங்கிய சோதனைகளால் அளந்து காட்டினார். நிலக்கரியை எரித்தலால் பெருகும் கரியமில வாயு உலகின் வெப்பத்தை உயர்த்தும் என 1896-இல் ஸ்வீடன் நாட்டு அரீனியசு என்பார் கணக்கிட்டு எழுதினார். பெருந்தொழிற்சாலைகள் எழுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த இவ்வாயு, 1958-இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் கீலிங் என்பார் இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது 315 பங்களவாய் இருந்தது. இப்பொழுது 420-ஐக் கடந்துவிட்டது. 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளில் நிலவுலகின் சராசரி வெப்பம் 1850 முதல் 1900 வரையிருந்ததனினும் ஏறக்குறைய 1.1 பாகை சென்டிகிரேடு உயர்ந்திருந்தது. ஒரு பாகை வெப்பம் உயர்ந்தால் காற்று நூற்றுக்கு ஏழு பங்களவு மிகுதியாக நீராவியைத் தாங்கும். மிகுதியாகத் தாங்கிய காற்று பெய்யும்போது மிகுதியாகவே பெய்யும். பெய்யாதபோதோ, அவ்வெப்பமே நிலத்தின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும். கடல்நீர் வெம்மையுறுதலால் புயலுக்கும் வலிமை கூடுகின்றது.

அற்றேல், புயலும் பஞ்சமும் முன்னும் இருந்தனவே. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சமும், 1924-இல் காவிரியிற் பெருகிய வெள்ளமும், 1964-இல் தனுட்கோடியை அழித்த புயலும் எவர் எரித்த புகையால் வந்தன என்று வினவுவாருளர். வினா நேரியதே. எந்த ஒரு மழையையும் சுட்டி, இது முழுதும் மாந்தரால் வந்தது என்று கூறுதல் இயலாது. ஆயின் ஒரு சூதாடு காயின் ஒரு பக்கத்தில் ஈயத்தை ஏற்றியவன், விழுந்த ஓர் எண்ணைக் காட்டி ‘இவ்வெண் முன்னும் விழுந்ததுண்டு’ என்று கூறித் தப்ப இயலுமோ? காய் முன்னும் விழுந்தது; அதன் இயல்பைத் திரித்தது இவன் செயல். பருவநிலைக்கு நேர்ந்ததும் அத்தகையது. முன்பு அரிதாக வந்த பெருமழை அடிக்கடி வருவதற்கு மாந்தர் செயல் இடந்தந்தது.

இனி, நம் நூல்கள் துன்பத்தை வகுத்த முறையை நோக்குவாம். நுகர்வினையால் உயிர் எய்தும் துன்பம் மூவகைப்படும். தன்னாலும் பிற உயிர்களாலும் வருவது ஆதியான்மிகம். குளிர், மழை, வெயில், காற்று, இடி முதலிய பூதங்களின் வழி வருவது ஆதிபௌதிகம். கருப்பை, பிறப்பு, மூப்பு, நரகம் முதலியவற்றில் தெய்வத்தால் வருவது ஆதிதைவிகம். இப்பாகுபாட்டால் உளதாகும் பயன் ஒன்றுண்டு. கள்வன் பொருளைக் கவர்ந்தால், இழந்தவன் நுகர்ந்தது அவன் வினைப்பயனே ஆயினும், கவர்ந்தவன் குற்றவாளியாகின்றான். இடி விழுந்து மாடு இறந்தால் குற்றஞ்சாட்டத் தக்கார் ஒருவரும் இலர். ஆதலின் மழையாலும் காற்றாலும் வந்த கேட்டிற்கு ‘வினை’ என்ற ஒரு சொல்லே போதுமென முன்னையோர் அமைந்தனர். அவர் காலத்து அறிவிற்கு அது பொருந்தும். வானைத் தொடும் கை எவர்க்கும் அந்நாளில் இருந்ததில்லை.

இன்றோ அக்கை நீண்டிருக்கின்றது. பூதங்களின் வழி வரும் துன்பத்தில் பிற உயிர்களின் செயலும் கலந்துவிட்டது. ஆதிபௌதிகம் என்று எண்ணப்பட்டதில் ஒரு கூறு ஆதியான்மிகத்தின் பாற்பட்டுவிட்டது. இஃதொன்றே இக்கட்டுரை வலியுறுத்தும் பொருள். பாகுபாடு பிழையன்று, அதனுள் அடங்கும் பொருள் இடம் மாறியிருக்கின்றது. இடம் மாறியதை அறியாது பழைய சொல்லையே கூறுதல், கள்வனால் பொருளிழந்தானைப் பார்த்து ‘இடி விழுந்தது போலும்’ என்று கூறுவதை ஒக்கும்.

‘யாவர் வழி வரினும் வருவது நுகர்வினையே அன்றோ? இறைவன் கூட்டாது ஒருவனுக்கு ஒன்று வருமோ?’ என்பது அடுத்த தடை. வினை சடமாதலின் தானே சென்று பற்றாது, இறைவனே கூட்டுவிப்பான் என்பது நம் துணிபு, அதில் ஐயமில்லை. ஆனால் அத்துணிபு, இடைநின்று தீங்கு செய்தவனை விடுவிப்பதன்று. ஒருவன் உயிர் நீங்கும் ஊழ் உடையனாயினும், அவனைக் கொன்றவனுக்குக் கொலைப்பாவம் உண்டு என்பதை மறுப்பார் சைவருள் இலர். நுகர்வினை ஒருபால் கழிய, ஏறுவினை மற்றொருபால் ஏறுகின்றது. மழையால் வயலிழந்தவன் பக்கம் நின்று பார்த்தால் வினை கழிகின்றது. வானைத் திரித்தவர் பக்கம் நின்று பார்த்தால் வினை ஏறுகின்றது. முன்னதை மட்டும் எடுத்துரைத்துப் பின்னதை விடுப்பவர் கொள்கையைப் பாதி கூறியவராவர். அப்பாதியும் இழந்தவன் மேற் சுமையாய் விழும் பாதி.

மேலும், தன் வினையை ஆராய்தற்கென அருளிச் செய்யப்பட்டது வினைக்கொள்கை. பிறன் வினையை அளப்பதற்கன்று. எந்த உயிர்க்கு எவ்வினை எவ்வளவு என்பதை முற்றுணர்வுடைய இறைவன் ஒருவனே அறிவான். அதனை நாம் அறிந்தார் போலக் கூறுதல் அவன் தொழிலை நம் கையிற் கொள்ளுதலாம்.

அற்றேல், அறியாது செய்ததற்கும் வினை ஏறுமோ? நிலக்கரி எரித்தவர் எவரும் காவிரிப் படுகையின் உழவனைக் கெடுக்க எண்ணினாரல்லர். அவனை அவர் கண்டதுமில்லை. ஒரு காலம் வரை இது தக்க விடையே. ஆயின் 1896-இல் கணக்கு எழுதப்பட்டது. 1958 முதல் அளவு தொடர்ந்து எடுக்கப்பட்டது. 1988-இல் உலக அரசுகள் கூடி ஆய்வுக்குழு ஒன்றை நிறுவின. 1990-இல் அதன் முதல் அறிக்கை வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலால் தொன்றுதொட்டு எழுந்த கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதி அதன் பின்னரே எழுந்தது என்பது எண்ணத்தக்கது. எனவே, செய்ததிற் பாதி அறியாமையாற் செய்யப்பட்டதென்று கொண்டாலும், மறுபாதிக்கு அவ்விடை செல்லாது. அறிந்த பின்னும் நிறுத்தவொட்டாமல் மறைப்பது எது? ஆணவத்தின் இயல்பை விளக்கப் புகுந்த உமாபதி சிவனார், புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும் என்றும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்றும் திருவருட்பயனில் வேறுபடுத்தருளினார். கண்ணுக்குத் தெரியாத புகையை விடவும், நாம் விடுகின்றோம் என்பதே நமக்குத் தெரியாதிருத்தல் பெரிய மறைப்பாகும்.

செய்தவர் பலராதலின் வினை எவர்க்கு என்று மயங்குவாரும் உளர். பலர் கூடித் தூக்கிய கல்லின் பாரம் பலர்க்கும் பங்காதல் போல, அவரவர் அளவே அவரவர்க்கு ஏறும். அமெரிக்க நாட்டில் ஆளொன்றுக்கு ஆண்டில் ஏறக்குறைய 14 டன் கரியமில வாயு வெளிப்படுகின்றது. இந்தியாவில் ஏறக்குறைய 2 டன். இந்நாட்டினுள்ளும் குளிரூட்டிய மாளிகையில் உறைவான் பங்கும் கூரை வீட்டில் உறைவான் பங்கும் ஒன்றல்ல. ஆதலின் குறையச் செய்தவன் மிக நோகின்றான் என்பது இதிலுள்ள பெருங்கொடுமை. ஆயினும் நம் படுகை முற்றும் குற்றமற்றதென்பதும் பொருந்தாது. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் பிராணவாயு புகாமையால் மீத்தேன் என்னும் வாயு பிறக்கின்றது. அதுவும் வெப்பத்தைத் தடுப்பதே. குறுவைக் காலத்திலேனும் வேளாண் துறையார் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று கூறும் முறைப்படி நீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால் அவ்வாயு பெரிதும் குறையும்; நீரும் மிஞ்சும்.

இனிச் செய்யத்தக்கது யாது? இதம், அகிதம் என்னும் இரண்டினை விளக்குமிடத்து, மனம் வாக்குக் காயங்களால் உயிர்கட்கு நலம் புரிவதை நல்வினையாகவும், புரியாதொழிதலைத் தானும் தீவினைப் பக்கத்ததாகவும் சிவஞான சித்தியார் கொண்டது. எனவே ‘நான் தீங்கொன்றும் செய்திலேன்’ என்று வாளா இருத்தல் சைவனுக்குப் போதிய விடையாகாது.

நாயன்மார் பஞ்சத்தை எதிர்கொண்ட முறை நமக்கு வழிகாட்டும். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது அப்பரும் சம்பந்தரும் ஆங்கு வருந்தினோரின் வினையை ஆராய்ந்தாரல்லர். இறைவன்பாற் படிக்காசு பெற்று அடியார்க்கு உணவளித்தனர். அரிசிற்கரைப்புத்தூரில் புகழ்த்துணை நாயனார் பசியால் மெலிந்தும் தம் திருத்தொண்டை விட்டாரல்லர். பசித்தார்க்குச் சோறும், தளர்ந்த காலத்தும் தவறாத பணியும் அவர்கள் தந்த விடைகள்.

நம் காலத்திற்கு அவ்விடைகளை ஏற்றுரைப்பின் இவ்வாறாகும். திருமடங்களுக்கும் திருக்கோயில்களுக்கும் உரிய வயல்கள் இப்படுகையிற் பல. பயிரழிந்த ஆண்டில் அவ்வயல்களை உழுவோர்க்குக் குத்தகையைத் தாமே முன்வந்து குறைத்தலும் நீக்கலும், அவர் வந்து இரக்கும்வரை காத்திராமையும் முதலறம். ஐப்பசிக்கு முன்னரே கோயிற் குளங்களைத் தூர்வாருவதும், நீர்வரத்துக் கால்களை அடைப்பு நீக்குவதும், வயலினின்று மிகுநீர் வெளியேறும் வடிகால்களைப் பேணுவதும் இரண்டாமறம். வடிகால் அடைபட்டு மூழ்கிய வயலுக்கு வானத்தைக் குறை கூறல் ஒவ்வாது. விழாக்களிலும் இல்லங்களிலும் வேண்டாத விளக்கையும் எரிபொருளையும் குறைத்தல் மூன்றாமறம். நீரும் வளியும் இறைவனின் எட்டுருவங்களுள் வைத்து எண்ணப்பட்டவை. அவ்வளியைக் கெடுத்துவிட்டு, அந்நீரை மட்டும் குடத்தில் முகந்து அவனுக்கு ஆட்டுவது ஓர் உருவை இகழ்ந்து மற்றோர் உருவைப் போற்றுவதாக முடியும்.

இவை யாவும் செய்தாலும் வானம் உடனே பழைய நிலைக்கு மீளாது. கரியமில வாயு ஒருமுறை எழுந்தால் அதில் ஒரு பகுதி பல நூறாண்டுகள் காற்றிலேயே தங்கும். அதன் பயன் இன்னும் பிறவாதாரையும் சென்று சேரும். சஞ்சிதத்தின் இயல்பை இதனினும் தெளிவாகக் கண்ணாற் காண்பது அரிது. அதனால் முயற்சி வீண் என்று சோர்தல் தகாது. பழவினை நீங்கும் வழி அருளின் பாற்பட்டதாயினும், ஏறுவினை இன்னும் ஏறாதவாறு காத்தல் நம் கையில் உள்ளது.

ஆதலின் அடுத்த கூதிரில் ஓர் ஊர் மூழ்கிற்று என்ற செய்தி வருங்கால், சைவர் நாவில் முதற்கண் எழவேண்டிய வினா ‘அவர் செய்த வினை யாது?’ என்பதன்று, ‘இதில் என் பங்கு யாது, அவர்க்கு யான் செய்யக்கூடியது யாது?’ என்பதே. வினைக்கொள்கையைப் பிறர்மேல் ஏற்றும்போது அது கல்லாகின்றது. நம்மேல் ஏற்றிக்கொள்ளும்போது அதுவே அறத்திற்கு வித்தாகின்றது.